சம்பந்தி பெயரில் நாலு நண்டுக் கூண்டு

பிரிஸ்பேனுக்கு வந்து எட்டு வருடமாகியும் நண்டைக் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். மாமனார் பழவேற்காட்டுக்காரர். ஊரிலிருந்து வந்த இரண்டாம் நாளே சேற்று நண்டின் விலையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஆத்துலயே போய்ப் பிடிச்சுக்கலாமே மாப்பிள்ளை" என்றார். அங்கே பிடித்தது சனி.

குவீன்ஸ்லாந்தில் வீட்டுச் சாப்பாட்டுக்கு நண்டு பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். ஆளுக்கு நாலு கூண்டு வரை போடலாம். கடையில் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று, மடக்கினால் தாம்பாளம் மாதிரி தட்டையாகிவிடும் வட்ட வலைக்கூண்டு. மற்றது மடங்காத கம்பிக் கூண்டு. நான் கார் டிக்கியை நினைத்து மடக்குக் கூண்டை எடுத்தேன். மாமனார் கையில் தூக்கிப் பார்த்து, "இது ஒரு இடத்துல நிக்காது, ஊர்வலம் போவும்" என்றார். நான் கேட்கவில்லை. (போனது.) இழுப்பு உள்ள இடத்துக்குக் கம்பிக் கூண்டுதான் சரி. இல்லையென்றால் அடியில் ஒரு இரும்புத் துண்டையாவது கட்டவேண்டும்.

அப்புறம் பெயர் அட்டை. கூண்டுக்குச் சொந்தக்காரரின் குடும்பப் பெயரையும் முகவரியையும் எழுதித் தொங்கவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பது அப்பா பெயர். அதையே நாலு அட்டையிலும் எழுதினேன். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது. அதிலிருந்து "சம்பந்தியை எங்க இறக்கலாம்?", "சம்பந்திக்குத் தீனி வெச்சாச்சா?" என்று ஒரே குஷி.

நண்பரின் சின்ன அலுமினியப் படகில் பைன் ஆற்றுக்குப் போனோம். அலையாத்தி மரங்களுக்கு நடுவிலிருந்து ஓடைகள் வந்து விழும் வாய்களில் ஆளில்லாத இடமாகப் பார்த்துக் கூண்டுகளை இறக்கினோம். இரைக்குக் கோழி எலும்பும் மடவைத் தலையும். இரையைக் கூண்டின் நட்டநடுவில் கட்டவேண்டும். ஓரத்தில் கட்டினால் நண்டு வெளியே நின்றபடியே பிய்த்துத் தின்றுவிட்டுப் போய்விடும். முதல் கூண்டில் நான் ஓரத்தில்தான் கட்டியிருந்தேன்.

கயிறு விஷயம் அதைவிட மோசம். தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் ஆழம் பார்த்து, கூண்டையும் மேலே மிதக்கும் மிதவையையும் இணைக்கும் கயிற்றை அளவாக வெட்டினேன். இங்கே கடல் ஏறும்போது ஆற்றிலும் தண்ணீர் இரண்டு மீட்டர் ஏறும் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. சில மணி நேரம் கழித்து வந்தால் நாலு மிதவையில் இரண்டைக் காணோம். மாமனாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. அவருடைய ஏரியில் தண்ணீர் இவ்வளவு ஏறாது. "சம்பந்தி முங்கிட்டாரு" என்றார். குரலில் பழைய தெம்பு இல்லை.

தண்ணீர் இறங்கும் வரை படகில் உட்கார்ந்து கொசுவுக்கு விருந்து வைத்தோம். முதல் கூண்டு காலி. இரண்டாவதில் ஒரு கெளுத்தி, மீசையை ஆட்டிக்கொண்டு. ஊர்வலம் போன மூன்றாவது, ஐம்பதடி தள்ளி ஒரு வேரில் சிக்கியிருந்தது. அதில் ஒரு கடுவன் நண்டு. ஓட்டின் அகலம் குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அளந்தால் நூலிழை கூடுதல். வைத்துக்கொண்டோம்.

நாலாவது கூண்டுதான் மாமனாரைச் சாய்த்தது. தாம்பாளம் நிறைய ஒரு நண்டு. புரட்டினால் வயிற்று மடிப்பு ஆணுக்கு இருப்பதுபோல ஒடுங்கி இல்லை. அகலமாக, வளைந்து இருந்தது. பெட்டை. பெட்டை நண்டை எடுக்கக்கூடாது, திரும்ப விடவேண்டும் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "மாப்பிள்ளை, சினை நண்டுக்கு ஊர்ல அடிதடியே நடக்கும்." தெரியும் மாமா. "யாரும் பாக்கலயே." பேர் எழுதியிருக்கு மாமா. அது தண்ணீருக்குள் இறங்கி மறைந்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி ஒற்றை நண்டு, நாலு பேர், குழம்பு மட்டும் தாராளம். மாமனார் ஊருக்கு போன் போட்டு, "சம்பந்தி, உங்க கூண்டுல நண்டு மாட்டிச்சு!" என்று நடந்ததையெல்லாம் அப்பாவிடம் கொட்டினார். அப்பா வள்ளலார் வழி. நாற்பது வருடமாக முட்டைகூடத் தொடாதவர். ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சம்பந்தி," என்றார் கடைசியில், "அந்த அட்டையில எம்பேரை அடிச்சிட்டு உங்க பேரை எழுதச் சொல்லுங்க. பாவமும் உங்களுக்கே சேரட்டும்."