பேனலை விட்டுப் பெட்டிக்கு வந்த கதை

முதலில் ஒரு 'டிக்'. பாட்டுக்கு நடுவில், தாளத்தோடு ஒட்டாமல். பதிவிலேயே இருக்கும் சத்தம் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு, பாட்டு ஓடாத நேரத்திலும் என் ஸ்பீக்கரின் இடது பேனல் தானாகப் பொரிய ஆரம்பித்தது, காய்ந்த சருகை யாரோ மிதித்துக்கொண்டு நடப்பது போல.

11 வருடமாக எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் கேட்டுப் பழகியவன் நான். ஆள் உயரத்துக்கு இரண்டு தட்டிகள், சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, கிட்டத்தட்ட அறையின் நடுவில் நிற்கும். புதிதாக வருபவர்கள் "இது என்ன, மறைப்பா?" என்று கேட்பார்கள். பாட்டைப் போட்டதும் கேள்வி நின்றுவிடும்.

இந்த ஸ்பீக்கரில் பெட்டி இல்லை, காந்தம் இல்லை, காயில் இல்லை. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே சில மைக்ரான் கனமுள்ள ஒரு பிளாஸ்டிக் படலம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். படலத்தில் சில ஆயிரம் வோல்ட் எப்போதும் ஏறி நிற்கும். அதற்காகவே ஸ்பீக்கரைச் சுவர் பிளக்கில் செருக வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் சிக்னலை உள்ளே உள்ள டிரான்ஸ்ஃபார்மர் பல மடங்கு உயர்த்தித் தகடுகளுக்குக் கொடுக்கும், படலம் முன்னும் பின்னும் அசையும். படலத்துக்கு எடை என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால் சத்தம் தொடங்கும் கணத்தில் தொடங்கி, நிற்கும் கணத்தில் நின்றுவிடும். 1957இல் விற்பனைக்கு வந்த குவாட் ஈஎஸ்எல் ஸ்பீக்கரை இன்றும் பழுது பார்த்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

அவ்வளவு வோல்ட் ஏறி நிற்கும் இடத்துக்குத் தூசி தானாக வந்து ஒட்டும். காற்றில் ஈரம் கூடினால் மின்னூட்டம் கசியும், சில சமயம் பொறி தாவும். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு நாள் சும்மா விட்டு, பிறகு வாக்குவம் கிளீனரால் மெதுவாகத் தூசி எடுத்தேன். (அவசரப்பட்டு உடனே கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னூட்டம் மிச்சம் இருக்கும்.) பொரிவது நின்றது. ஆனால் இடது பக்கச் சத்தம் வலதைவிட இறங்கிவிட்டது, நடுவில் நிற்க வேண்டிய குரல் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. படலத்தின் மேல்பூச்சு போய்விட்டது, இரண்டு பேனலையும் மாற்ற வேண்டும் என்றார் பார்த்தவர். அந்த மாடலுக்குப் புதுப் பேனல் வருவது நின்றுபோயிருந்தது.

சரி, இனி சாதாரண ஸ்பீக்கர்தான் என்று முடிவு செய்தேன். காயில், காந்தம், கூம்பு. 1920களில் உருவான அடிப்படை இன்றும் மாறவில்லை. மூன்று ஜோடிகளைக் கேட்டுப் பார்த்தேன். கையோடு கொண்டுபோனது நான்கே பதிவுகள்: தனிக்குரல், தம்புரா, பியானோ, மிருதங்கத் தனி. முதல் ஜோடியில் தம்புரா ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து மீட்டுவது போலவே கேட்டது. மூன்றாவதில் அந்தப் பெட்டித்தனம் குறைவு. மூன்று வழி (தாழ்ந்த சுரங்களுக்கு வூஃபர், நடுச் சுரங்களுக்கு மிட், மேல் சுரங்களுக்கு ட்வீட்டர்), தரையில் நிற்கும் வகை, பின்பக்கம் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி வெளிவரும் துளை. அதை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு படுமோசம். தப்பு என்னுடையதுதான். பழைய பேனல்கள் நின்ற இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து வைத்திருந்தேன், பின்சுவரிலிருந்து 1.2 மீட்டர். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அப்போது எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்தப் பெருமையில் புதுப் பெட்டிகளையும் அங்கேயே நிறுத்திவிட்டேன். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும்போது ஓரிரு சுரங்கள் மட்டும் பல் விழுந்த மாதிரி காணாமல் போயின. வேறு ஒரு தாழ்ந்த சுரம் வந்தால் அறையே உறுமியது.

ஒரு வாரம் ஸ்பீக்கரைத் திட்டினேன். பிறகு அளக்கும் மைக் ஒன்றைக் கடன் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளோடு, எந்தச் சுரம் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று வரைபடம் எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. 70 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பெரிய பள்ளம். பெட்டியிலிருந்து தாழ்ந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவும். பின்னால் போனது 1.2 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டுத் திரும்பினால், மொத்தம் 2.4 மீட்டர் கூடுதல் பயணம். 71 ஹெர்ட்ஸின் அலைநீளத்தில் அது சரியாகப் பாதி. முன்னால் போகும் அலை மேலே ஏறும்போது திரும்பி வருவது கீழே இறங்கும், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். பேனலிலும் பின்பக்கம் ஒலி போகும், ஆனால் தலைகீழாகப் போகும்: படலம் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. ஏற்கெனவே தலைகீழாகக் கிளம்பியது பாதி அலை தாமதித்து வந்தால் மறுபடி நேராகிவிடும். அதாவது, 11 வருடமாக அந்தச் சுவர் 71 ஹெர்ட்ஸில் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. அதே சுவர், அதே தூரம், பெட்டிக்கு மட்டும் குழி பறித்திருக்கிறது. இதைத் தாளில் வரைந்து பார்த்த அன்று, காசு போச்சே என்ற கவலை போய் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் நகர்த்தும் வேலை. முன்பலகைக்கும் சுவருக்கும் நடுவே 45 சென்டிமீட்டர் வரும்வரை, பத்துப் பத்து சென்டிமீட்டராகப் பின்னால் தள்ளினேன். பள்ளம் 190 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறி, ஆழமும் குறைந்தது. சுவர் நெருங்கியதில் பேஸ் கனத்துவிட்டது, அதற்குப் பெட்டியோடு வந்த ஸ்பாஞ்சுக் கட்டையைப் பின் துளையில் செருகினேன். பக்கச் சுவருக்கும் அதே 45 வைக்கவில்லை, 80 விட்டேன். இரண்டு சுவரும் ஒரே சுரத்தை அழிக்கக் கூடாது அல்லவா.

உறுமல் தனிக் கதை. என் அறையின் நீளம் 4.9 மீட்டர். ஒலியின் வேகமான 343ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 35 ஹெர்ட்ஸ் வரும். அதுதான் அறை தானாக அதிரும் முதல் சுரம். பேனல் அவ்வளவு கீழே இறங்காது. முன்னும் பின்னும் எதிரெதிராகப் போகும் ஒலி ஓரங்களைச் சுற்றி வந்து தாழ்ந்த சுரங்களைத் தானே தின்றுவிடும். அதனால் இந்த அதிர்வு என் வீட்டில் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தது. புதுப் பெட்டி தட்டி எழுப்பிவிட்டது. இந்த அதிர்வு சுவரோரம்தான் உச்சம், நானோ பின்சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தேன். சோபாவை முக்கால் மீட்டர் முன்னால் இழுத்ததும் உறுமல் கொஞ்சம் அடங்கியது. மீதிக்கு, சுரவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த ஒரு இடத்தில் மட்டும் 5 டெசிபல் குறைத்தேன். ஈக்வலைசரைத் தொடுவது பாவம் என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் இருந்தேன்.

பேனல் இருந்தவரை பக்கச் சுவர்களுக்கு வேலை குறைவு. பேனலின் ஒலி 8 என்ற எண்ணின் வடிவில் போகும், பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பெட்டி அப்படி அல்ல. நான் சோபாவில் உட்கார, மகன் ஒரு முகக்கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போனான். கண்ணாடியில் ட்வீட்டர் தெரியும் இடம்தான் ஒலி பட்டுத் திரும்பும் இடம். ஒரு பக்கம் புத்தக அலமாரி, மறுபக்கம் கனமான திரைச்சீலை. குரல் அப்போதுதான் நடுவில் வந்து நின்றது.

ஆம்ப்ளிஃபயர் மட்டும் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பேனல் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி. மேல் சுரங்களில் அதன் மின்தடை ஓரிரு ஓம் வரை இறங்கும். அப்போது அது இழுக்கும் மின்சாரத்தைக் கொடுப்பதற்காகவே தூக்க முடியாத ஓர் ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தேன். ஒரே அளவு சக்திக்கு எவ்வளவு சத்தம் என்று பார்த்தால், பழைய ஸ்பீக்கரின் திறன் 84 டெசிபல், புதியது 89. ஐந்துதானே என்று தோன்றும். அதே சத்தத்துக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி போதும் என்று அர்த்தம்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். தனிக்குரலில் இரண்டு வரிகளுக்கு நடுவே பாடகர் மூச்சு இழுக்கும் அந்த வெற்றிடம், பேனலில் வந்த மாதிரி பெட்டியில் வரவில்லை. குரல் வூஃபர், மிட், ட்வீட்டர் என்று கைமாறி வருவதும், மரப்பெட்டி கொஞ்சம் சேர்ந்து பாடுவதும் காரணமாக இருக்கலாம். பேனலின் உயரமும் போய்விட்டது, அதில் பாடுபவர் எழுந்து நின்றால் தெரியும். இப்போது எல்லோரும் உட்கார்ந்துதான் பாடுகிறார்கள். மிருதங்கத்தில் கணக்கு நேர்மாறு. தொப்பியில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தில், விழும் அடி வயிற்றில் தட்டுகிறது. பேனலில் அந்த அடியைக் கேட்டேன், அவ்வளவுதான். புது ஸ்பீக்கர் ஓடி ஓடிப் பழக வேண்டும் என்பார்கள். மூன்று மாதத்தில் பழகியது என் காது என்றுதான் நினைக்கிறேன்.

என் மனைவி எப்போதும் சோபாவின் இடது ஓரத்தில் உட்காருபவள். பேனலின் மேல் சுரங்கள் டார்ச் வெளிச்சம் போல நேரே போகும், நடு இருக்கையை விட்டு ஒரு சாண் நகர்ந்தாலும் மங்கிவிடும். பெட்டிகள் இடத்தில் அமர்ந்த பிறகு ஒரு மாலை, "இந்தப் பாட்டில் ஜால்ரா இருக்கிறதா என்ன?" என்றாள். 11 வருடமாக எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது ஓடிய பாட்டு அது.

பேனல்களை, தானே படலம் இழுத்துக் கட்டத் தெரிந்த ஒருவர் எடுத்துப் போனார். போன மாதம் கூப்பிட்டார். இடது பேனல் பாட ஆரம்பித்துவிட்டதாம், வந்து கேளுங்கள் என்றார். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். இன்னும் போகவில்லை.