மூன்று ராஜாக்களின் காலடியில்

அக்கா மகனுக்கு இதய அறுவை நடந்தது பாலன் இயேசுவை வணங்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் அன்று. பிள்ளை பிழைத்தால் ராஜாக்களின் காலடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அம்மா அப்போதே நேர்ந்துகொண்டார். அம்மாவால் இனி அவ்வளவு தூரம் போக முடியாது. அவருக்குப் பதிலாக இந்த ஜனவரி 6 அன்று ராஜாக்களின் எலும்புகளை வைத்து வணங்கும் ஜெர்மனியின் கொலோன் பேராலயத்துக்கு நான் போனேன்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே 157 மீட்டர் உயரத்துக்கு இரட்டைக் கோபுரங்கள். அண்ணாந்து பார்க்க விட்டால்தானே! கையெழுத்துப் போடு, காசு கொடு என்று வாசல்வரை மறித்தார்கள். உள்ளே அதைவிட வருத்தம், ஜெபிப்பவர்களைவிட செல்ஃபி எடுப்பவர்கள் அதிகம். தொப்பியைக் கழற்றச் சொல்லிச் சொல்லியே சிவப்பு அங்கிக் காவலர்கள் ஓய்ந்துபோனார்கள், பாவம்.

வரிசை பீடத்துக்குப் பின்னால் திரும்பியதும் பேழை! 1164-இல் மிலானிலிருந்து வந்த திருப்பண்டங்களுக்காக, அதாவது அந்த எலும்புகளுக்காக, வெர்டன் ஊர்ப் பொற்கொல்லர் நிக்கோலாஸ் தொடங்கிவைத்த வேலை. இந்த ராஜாக்களுக்காகத்தான் 1248-இல் இவ்வளவு பெரிய பேராலயத்துக்கே அடிக்கல் போட்டார்கள், முடிக்க 1880 ஆனது. திருநாள் என்பதால் பேழையின் முன்பலகையைக் கழற்றியிருந்தார்கள். கம்பிக்கு உள்ளே கிரீடம் சூடிய மூன்று தலையோடுகள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார்.

அதற்குக் கீழே பொன்னில் மாதாவும் பாலனும், அவர்களை நோக்கி வரும் மூவரும். மூவருக்கும் பின்னால் நான்காவதாக ஒருவர், தலையில் கிரீடம் இல்லாமல். இதற்குப் பொன் கொடுத்த ஓட்டோ அரசர். நாடாண்டவரே அங்கே வரிசையில் கடைசி ஆள். அவருக்குப் பின்னால்தான் அம்மாவும் அக்காவும் பையனும் நானும் என்று தோன்றியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனப்பாடமாக வைத்திருந்த ஜெபம் ஒன்றும் வரவில்லை. பையன் பேரை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பின்னாலிருந்து தள்ளினார்கள், தள்ளட்டும்.

அப்புறம் நகைகள் சாத்திய மாதா சொரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அத்தனை சங்கிலியும் மோதிரமும் யார் யாரோ நேர்ந்து கொடுத்தவை, நம் வேளாங்கண்ணி போலவே. மறுநாள் பேராலயக் கருவூலத்தில் இயேசுவின் சீடர் புனித பேதுருவின் கோலைக் கண்ணாரப் பார்த்தேன்.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், பந்து விளையாடுகிறான். ராஜாக்களே, உங்களுக்குக் கோடி நன்றி! செப்டம்பர் கடைசியில் பேராலயத் திருப்பயணம் வரும்போது, பேழைக்கு அடியில் பக்தர்களை நடந்துபோக விடுவார்களாம். அவனைக் கூட்டிக்கொண்டு வருவதாக நானும் நேர்ந்துகொண்டிருக்கிறேன்.