அமெரிக்கச் சிறுபான்மையினர் வரலாறு: பறிபோன ஆண்டுகளையும் படியுங்கள்

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்கத் தாள் எழுதப் போகிறவர்களுக்கு இது. சிறுபான்மையினர் பற்றிக் கேள்வி வந்தால் பலரும் 1865 (அடிமைமுறை ஒழிப்பு), 1954 (பள்ளி இனப் பிரிவினைக்கு எதிரான தீர்ப்பு), 1964 (சிவில் உரிமைச் சட்டம்) என்று படிக்கட்டு ஏறுகிற மாதிரி எழுதிவிட்டு வருவார்கள். கைடுகளிலும் அப்படித்தான் இருக்கும். நான் ஒவ்வோர் உரிமைக்கும் எதிரே, அது எப்போது, எந்த வழியில் பறிபோனது என்று குறித்துவைத்துப் படித்தேன்.

தென்மாநிலமான மிசிசிப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். இனத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்ற, அமெரிக்க அரசமைப்பின் 15-ஆவது திருத்தம் 1870-ல் வந்தது. அதே ஆண்டு அங்கிருந்து ஹைரம் ரெவல்ஸ் முதல் கறுப்பின செனட்டராகப் போனார். இருபதே ஆண்டில், 1890-ல், மாநிலம் புது அரசமைப்பு எழுதிக்கொண்டது. கறுப்பர் ஓட்டுப் போடக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. தலைவரி கட்டியிருக்க வேண்டும். அரசமைப்பின் ஒரு பிரிவைப் படிக்கவோ விளக்கவோ தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பிரிவைக் கேட்பது, சொன்ன விளக்கம் சரியா என்பதெல்லாம் பதிவு அலுவலர் கையில். வெள்ளையருக்கு ‘கடனுக்காக யாரையும் சிறையிலடைக்கக் கூடாது’ போன்ற ஒரு வரி. கறுப்பின ஆசிரியருக்கோ வக்கீலே திணறும் பிரிவு. இதை விளக்கிவிட்டால், 1965 வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தி மத்திய அலுவலர்களை அனுப்பியது ஏன் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. அதே சட்டத்தில், எந்தெந்தப் பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்ற மத்திய அரசிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்று வகுத்த அளவுகோலை 2013-ல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததையும் விட்டுவிடாதீர்கள்.

குடியுரிமைக்கு இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படியுங்கள். அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும்தான் குடியுரிமை கேட்கலாம். 1922 நவம்பரில் ஜப்பானியரான தகாவோ ஒசாவா மனு தள்ளுபடி: தோல் வெளுப்பாக இருந்தாலும் காக்கேசியர் (அன்றைய இனவகைப்பாட்டில் வெள்ளையரைச் சேர்த்த பிரிவு) அல்ல. மூன்று மாதத்தில், அமெரிக்கப் படையில் பணியாற்றிய இந்தியரான பகத் சிங் திண்ட் வழக்கு: காக்கேசியர் என்றாலும் சாதாரண மனிதர் பார்வையில் வெள்ளையர் அல்ல. இரண்டையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட்! (திண்ட் தரப்பு ‘உயர்சாதி’ என்பதையும் ஆதாரமாக நீட்டியது. நம்மவர் எங்கே போனாலும் அதை மட்டும் மறப்பதில்லை.)

1942-ல் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்துவைத்த முகாம்களுக்கு ஒரு பத்தி போதும். 1988-ல் உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் இழப்பீடு என்பதோடு முடித்துவிடலாம். பூர்வகுடிகளை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாகப் படியுங்கள். அவர்கள் வழக்கு பெரும்பாலும் நிலத்தையும் ஒப்பந்தங்களையும் பற்றியது. 1924-லேயே எல்லோருக்கும் குடியுரிமை வந்தும், அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் ஓட்டுப் போட 1948 வரை கோர்ட் படியேற வேண்டியிருந்தது.