ஆறு வாள் சீட்டு ஏன் விடாமல் வந்தது

படச்சீட்டுகளை எடுத்துப் பலன் வாசிக்கும் டாரட் பழகத் தொடங்கிய நாள் முதல், காலையில் ஒரே ஒரு சீட்டை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். முதல் 40 நாட்களில் ஆறு வாள் சீட்டு, அதாவது படகுப் பயணம் வரைந்த சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ், ஒன்பது முறை வந்தது. 78 சீட்டுகள் உள்ள கட்டில், 40 நாளுக்குள் ஒரு குறிப்பிட்ட சீட்டு ஒருமுறை வந்தாலே அது சராசரிக்கு மேல்தான். கணக்கு தெரிந்திருந்தும், ஐந்தாவது முறை அது வந்த அன்று ஏதோ பெரிய பயணம் காத்திருக்கிறது என்று மனத்துக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டதை ஒப்புக்கொள்கிறேன். பாம்பனின் ஈரக்காற்றும் என் கட்டைவிரலும் சேர்ந்து செய்த வேலை அது என்பது சென்ற வாரம்தான் தெரிந்தது.

நான் இணையத்தில் வாங்கியது, டாரட்டில் பரவலாகப் புழங்கும் ரைடர்-வெயிட் கட்டின் மலிவு அச்சு. தாள் மெலிது, மஞ்சள் நிறம் மாம்பழச் சாற்றைக் கொட்டியதுபோல் இருக்கிறது, கூடவே வரவேண்டிய கையேட்டைக் காணோம், விற்றவரிடமிருந்து இன்றுவரை பதிலும் இல்லை. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயரமுள்ள இந்தச் சீட்டுகளை, ரம்மி ஆடும் கட்டைப்போல் இரண்டாகப் பிரித்து, விரலால் வளைத்துச் சரசரவென்று இறக்கிக் கலைக்க முயன்றது என் முதல் தவறு. ஐப்பசி வாடையில் நமத்துப்போன அப்பளம்போல் கிடந்த சீட்டுகள், வளைந்தவை வளைந்தபடியே நின்றுவிட்டன. பார்க்க அழகாக இருக்கிறதே என்று கட்டைப் பனை ஓலைக் கொட்டானில் வைத்தது இரண்டாவது தவறு. கொட்டானுக்குள் உப்புக்காற்று தாராளமாகப் போய்வரும்.

ஒருநாள் மாலை, கலைத்த கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்த்தேன். கட்டின் நடுவே தலைமுடி அளவுக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. நகத்தை அதில் விட்டுத் தூக்கினால், கீழே முதல் சீட்டாக ஆறு வாள் இருந்தது. மறுபடி கலைத்துப் பார்த்தேன். இடைவெளி வேறு இடத்தில் இருந்தது, சீட்டு அதேதான். அதன் நடு சற்றே குழிந்திருந்ததால், கட்டை வெட்டும்போதெல்லாம் விரல் தானாக அந்த இடைவெளியில் போய் நின்றிருக்கிறது. வெட்டிய இடத்துக்குக் கீழுள்ள முதல் சீட்டை எடுப்பது என் முறை. சீட்டு வித்தைக்காரர்கள் வேண்டுமென்றே செய்வதை நான் அறியாமலே செய்து, அதற்குப் பலனும் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தச் சீட்டை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றி இரண்டு நாள் விட்டேன். இப்போது கட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு எவர்சில்வர் சம்புடத்தில் இருக்கிறது. கலைப்பதற்கு, கையில் பிடித்த கட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி இறக்கும் பழைய முறைக்கே திரும்பிவிட்டேன். கடந்த எட்டு நாட்களில் ஆறு வாள் ஒருமுறையும் வரவில்லை.

ஆனால், ஒன்பது முறை உற்றுப் பார்த்ததில் அந்தச் சீட்டு மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. இதற்கு முந்தைய பிரெஞ்சு வகையான மார்சேய் கட்டுகளில் ஆறு வாள் என்றால் ஆறு வாள்களும் பூ அலங்காரமும்தான் இருக்கும், ஆளோ காட்சியோ இருக்காது. 1909-இல் லண்டனில் வெளிவந்த இந்தக் கட்டுக்குப் படம் வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித், படகில் வாள்களை ஊன்றி, முகம் காட்டாத ஒரு பெண்ணையும் குழந்தையையும் அதில் உட்கார வைத்து, பின்னால் கழி ஊன்றும் ஒருவரையும் நிறுத்தியிருக்கிறார். படகின் ஒரு பக்கம் நீர் அலையலையாகவும் மறுபக்கம் கோடே இல்லாமலும் இருக்கிறது. துன்பம் பின்னால் போய்விட்டது, அமைதி முன்னால் இருக்கிறது என்பதே பலரும் சொல்லும் பலன். படத்தில் அலை இருப்பதோ பின்னால் இல்லை, பக்கத்தில்.

நாட்டுப்படகு வைத்திருக்கும் மாமாவிடம் சீட்டைக் காட்டியபோது, “என்ன மாப்ள, ஒரு பக்கம் வடகடலு, ஒரு பக்கம் தென்கடலா?” என்று கேட்டார். வாடை வீசும் மாதங்களில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், குளம்போல் கிடக்கும். தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் நிலைமை தலைகீழாகும். அதற்கேற்பத் தொழிலைப் பக்கம் மாற்றிக்கொள்பவர்களுக்கு, இந்தச் சீட்டில் நிரந்தரமான விடைபெறல் எதுவும் தெரியாது. ஆறு மாதத்தில் திரும்பி வரப்போகும் இடமாற்றம்தான் தெரியும். நானும் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன். மாமா இன்னொன்றும் சொன்னார்: “கழி ஊண்டுறான் பாரு, அப்ப ஆழமே இல்ல. ஒண்ணு, இப்பத்தான் கரையை விட்டிருக்கான். இல்லன்னா கரை சேரப் போறான்.”

இரண்டில் எது என்பதைப் படம் சொல்வதில்லை. மூன்று சீட்டுகளை வரிசையாக வைத்துப் பலன் பார்க்கும் விரிப்பில் இது முதலில் விழுந்தால் இப்போதுதான் புறப்பட்டது என்றும், மூன்றாவதாக விழுந்தால் கரை நெருங்கிவிட்டது என்றும் கொள்ள முடிவு செய்திருக்கிறேன். நடுவில் விழுந்தால் என்ன சொல்வது என்பதில்தான் இன்னும் தடுமாற்றம். சுமை குறைவு, படகு தள்ளுபவரின் வலிமைக்கு மிஞ்சிய வேலை இல்லை என்று இந்தக் கட்டை வடிவமைத்த வெயிட் எழுதியிருக்கிறார். படகின் தரையில் ஆறு வாள்கள் குத்தி நிற்பதைப் பார்த்துவிட்டு, ஓட்டையை யார் அடைப்பது என்று கேட்ட மாமா அதற்கு உடன்படமாட்டார்.

ஸ்வார்ட்ஸ் வரிசையில் ஏழு வாளிலிருந்து மேலே ஒன்றையும் இன்னும் முறையாகப் படிக்கவில்லை. அதற்குள் பத்துச் சீட்டு வைக்கும் செல்டிக் கிராஸ் விரிப்பை ஒருமுறை போட்டுப் பார்க்கக் கை பரபரக்கிறது. படமில்லாத சீட்டை எப்படி வாசிப்பார்கள் என்று அறிய, மார்சேய் கட்டு ஒன்றுக்கும் பணம் கட்டிவிட்டேன். இந்த முறை கெட்டித்தாள்தானா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே கட்டினேன்.