கருப்பு டி-ஷர்ட்டில் மீன்கொத்தி: எந்த அச்சு முறை?

எங்கள் பறவை நோக்கும் குழுவுக்காக வெண்மார்பு மீன்கொத்தியைக் கருப்பு டி-ஷர்ட்டில் அச்சிட்டுக்கொண்டிருக்கிறேன். துணி, திருப்பூரிலிருந்து வாங்கிய 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தி. சிவந்த அலகு, செம்பழுப்புத் தலை, வெள்ளை மார்பு, பளிச்சென்ற நீல முதுகு என எல்லா நிறமும் கருப்பின் மேல் எடுப்பாகத் தெரிய வேண்டும். கருப்புத் துணி மேலே போடும் நிறத்தை விழுங்கிவிடும். அதனால் நிறத்துக்கு அடியில் வெள்ளை மை போட வேண்டும், இல்லாவிட்டால் துணியின் சாயத்தையே எடுத்துவிட வேண்டும்.

சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷனை யோசிக்கவே இல்லை. அந்தச் சாயம் பாலியஸ்டரில்தான் பிடிக்கும். கருப்பின் மேல் தெரியவும் தெரியாது. டிடிஜி, அதாவது இங்க்ஜெட் பிரிண்டர்போல நேரே துணியிலேயே அச்சிடுவது, நல்ல முறைதான். ஆனால் அதன் வெள்ளை மையிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு அடியில் தங்கி, மை தெளிக்கும் ஹெட்டை அடைத்துவிடும். எப்போதாவது அச்சிடுகிறவர்களுக்கு அந்த இயந்திரம் சரிப்படாது.

அடுத்தது டிடிஎஃப், அதாவது பிலிமில் அச்சிட்டு அதைச் சூட்டில் துணிக்கு மாற்றும் முறை. அந்தப் பிலிமை வெளியே கொடுத்து அச்சிட்டு வாங்கினேன். பிலிமில் முதலில் நிறங்கள், அவற்றின் மேல் வெள்ளை, அதன் மேல் பசைத்தூள். ஹீட் பிரஸ்ஸில் 150 டிகிரியில் 15 விநாடி அழுத்தி, ஆறியதும் உரித்தால் இறகின் ஒவ்வொரு கீற்றும் துல்லியமாக இருந்தது. ஆனால் மார்புப் பகுதி ஒரே பிளாஸ்டிக் தகடாக நின்றது. நம் ஊர் வெயிலில் அதற்குள் வியர்த்துக் கொட்டும். ஒன்றிரண்டு மட்டும் வேண்டுமென்றால் டிடிஎஃப் போதும். நாள் முழுக்க ஏரிக்கரையில் நடப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

துணியின் சாயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிறம் ஏற்றும் டிஸ்சார்ஜ் முறை என்னை மிகவும் கவர்ந்தது. ஈரமாக இருக்கும்போது அச்சு கண்ணுக்கே தெரியவில்லை. சூடு ஏற ஏற, கருப்பு விலகி நிறம் மெல்ல மேலே வந்தது. துவைத்த பிறகு தொட்டுப் பார்த்தால் வெறும் துணி போலவே மென்மையாக இருந்தது. ஆனால் சாயம் போன இடம் தூய வெள்ளையாகாமல் வெளிர் மஞ்சளாக நின்றதால் நீலம் மங்கிவிட்டது. சூடேறும்போது எழும் கந்தக நெடியும் கடுமை. காற்றோட்டமுள்ள பட்டறை இல்லாமல் இதைச் செய்யக்கூடாது.

கடைசியில், வலைத்திரை வழியாக மையைத் துணிமேல் தள்ளும் ஸ்கிரீன் பிரிண்டிங்கையே தேர்ந்தெடுத்தேன். அடி வெள்ளையை 43டி மெஷ்ஷில் (சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள வலை) அடித்து, விரலில் ஒட்டாத அளவுக்கு மட்டும் உலர்த்தி, மற்ற நிறங்களை 90டி மெஷ்ஷில் போட்டேன். அடி வெள்ளையின் ஓரத்தை நிறத்தைவிட ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் அலகைச் சுற்றி வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். முதுகின் நீலத்துக்கு அடியில் வெள்ளையை முழுதாக நிரப்பாமல் புள்ளிகளாக விட்டேன். நிழல் பகுதியில் துணியின் கருப்பே கலந்து, கூடுதல் ஸ்கிரீன் இல்லாமலேயே கருநீலம் கிடைத்தது. கண்ணுக்கும் சிறகின் கரும்பட்டைக்கும் மையே போடவில்லை. அங்கே தெரிவது துணிதான்.

நான் போட்டது சூட்டில் இறுகும் பிளாஸ்டிசால் மை. அதன் அடிவரைக்கும் 160 டிகிரி ஏற வேண்டும். மேல்பக்கம் மட்டும் காய்ந்திருந்தால் இழுத்ததும் விரிசல் விடும். இழுத்தும் பலமுறை துவைத்தும் பார்த்துவிட்டேன், அலகின் சிவப்பு அப்படியே இருக்கிறது.

அடுத்து, சிலர் மெரூன் நிறப் பாலியஸ்டரில் கேட்டிருக்கிறார்கள். அதில் சூட்டுக்குத் துணியின் சாயம் ஆவியாகி மேலேறி வெள்ளையை ரோஸாக்கிவிடும். குறைந்த சூட்டில் இறுகும் மையும், சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடிப்பூச்சும் வாங்கி வைத்திருக்கிறேன்.