வினைக்குப் பின்னால் வரும் சின்னச் சொற்கள்

கோவையில் பம்புகளும் வடிகட்டிச் சாதனங்களும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பயனர் கையேடு எழுதுவது என் வேலை. இயந்திரத்தை வடிவமைப்பவர் ஒருவர், தளத்தில் பொருத்துபவர் இன்னொருவர், பழுது பார்க்கப் போகிறவர் வேறொருவர். மூன்று பேரும் நேரில் பார்த்துக்கொள்வது அபூர்வம். நடுவில் என் ஆங்கில வாக்கியம்தான் தூது போகும். இலக்கணத்தைப் பள்ளிக்கூடத்தோடு தலைமுழுகிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களை ஒரு வாரம் என் மேசையில் உட்கார வைக்க ஆசை.

ஆங்கிலம் என்றாலே நம்மவர்களுக்குப் பெரிய சொற்கள் மீதுதான் பயம். ஆனால் பெரிய சொல் எங்கள் ஆட்களைக் குழப்பி நான் பார்த்ததில்லை. 'எக்ஸ்டிங்விஷ்' என்றால் தீயை அணைப்பது. அகராதியைப் புரட்டினால் விஷயம் முடிந்தது. 'புட் அவுட்' அப்படியா? தீயை அணைப்பதும் அதுதான், குப்பையை வாசலில் வைப்பதும் அதுதான், ஒருவருக்குச் சிரமம் கொடுப்பதும் அதுதான். 'புட் ஆஃப்' தள்ளிப்போடுவது, 'புட் ஆன்' உடுத்துவது, 'புட் அப் வித்' சகித்துக்கொள்வது. தனித்தனியாக எல்லாம் ஒன்றாம் வகுப்புச் சொற்கள். கூட்டு சேர்ந்ததும் ஆளே மாறிவிடுகின்றன. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார்: வினையோடு ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயலாருக்கு மிகப் பெரிய இடைஞ்சல் என்று.

விமானப் பராமரிப்புத் துறை இதற்கு ஒரு கடுமையான வைத்தியம் கண்டுபிடித்தது. 'சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்' என்ற விதித்தொகுப்பின் முதல் வடிவம் 1986-ல் வந்தது. செயல்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது. சொற்களைக் கூட்டி இப்படிப்பட்ட வினைகளை உண்டாக்கக்கூடாது. 'கேரி அவுட் எ டெஸ்ட்' என்று எழுதுகிற கை 'டூ எ டெஸ்ட்' என்று எழுதப் பழக வேண்டும். எங்கள் பம்பு ஒன்றும் பறக்கப் போவதில்லை என்றாலும் பாதி விதிகளை நானும் எடுத்துக்கொண்டேன்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இந்த வினைகளை மனப்பாடம் செய்ய ஐந்நூறு, ஆயிரம் என்று பட்டியல் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. ஏனென்றால் இந்த வித்தை தமிழனுக்குப் புதிதே அல்ல. அவர்கள் வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டுகிறார்கள். நாம் இன்னொரு வினையையே ஒட்டுகிறோம். பார், பார்த்துக்கொள். எழுது, எழுதிவை. சாப்பிடு, சாப்பிட்டுவிடு. சொல், சொல்லித்தொலை. 'லுக் ஆஃப்டர்' என்பதில் 'பின்னால்' எங்கிருந்து வந்தது என்று குடையும் பையன், 'பார்த்துக்கொள்' என்பதில் 'கொள்' எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் அம்மாவிடம் கேட்டதில்லை. வாக்கியத்தோடு சேர்த்துக் கேட்டான், படிந்துவிட்டது. ஆங்கிலமும் அப்படித்தான் படியும்.

பட்டியல் சொல்லித்தராத விஷயம் ஒன்று உண்டு: இடம். 'டர்ன் ஆஃப் த மோட்டார்' சரி, 'டர்ன் த மோட்டார் ஆஃப்' என்பதும் சரி. மோட்டாருக்குப் பதில் 'இட்' வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' கிடையாது. அதே சமயம் 'லுக் ஆஃப்டர் த மோட்டார்' என்பதை 'லுக் த மோட்டார் ஆஃப்டர்' என்று பிரிக்க முடியாது. காரணம் எளிது. 'ஆஃப்' இங்கே வினையின் ஆள், வினையுரிச்சொல். கொஞ்சம் நகர்ந்து நிற்கும் சுதந்திரம் அதற்கு உண்டு. 'ஆஃப்டர்' முன்னிடைச்சொல், அதாவது 'ப்ரெபொசிஷன்', தனக்குப் பின்னால் வரும் பெயரை விட்டு நகராது. 'ரன் அப் எ பில்' என்றால் பில்லை ஏற்றிவிடுவது, 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றில் ஓடி ஏறுவது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். முதலாவதில் 'பில்'லை நடுவில் இழுத்து வந்து 'ரன் எ பில் அப்' எனலாம். குன்றை அப்படி இழுக்க முடியாது.

இதெல்லாம் பிழை வந்தாலும் புரிந்துவிடும் ரகம். 'டிஸ்கஸ் அபவுட்' என்று எங்கள் அலுவலகத்தில் வராத மின்னஞ்சல் இல்லை. 'பற்றிப் பேசுவோம்' என்று மனம் சொல்ல, கை தேவையில்லாத 'அபவுட்'டைப் போட்டுவிடுகிறது. அதனால் எந்தப் பம்பும் நின்றுபோகவில்லை. நான் பயப்படுவது வாக்கியத்தின் வாலில் வரிசையாக வந்து நிற்கும் முன்னிடைத் தொடர்களுக்குத்தான்.

ஒரு வரைவில் இப்படி இருந்தது: 'கிளீன் த ஃபில்டர் இன் த டேங்க் வித் வார்ம் வாட்டர்.' எழுதிய வடிவமைப்புப் பொறியாளருக்கு இதில் சந்தேகமே இல்லை. சர்வீஸ் பிரிவின் மூத்தவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"ஏனுங் மேடம், ஃபில்டரை வெளிய எடுத்துக் கழுவோணுமா, இல்ல டேங்குக்குள்ள வெச்சே கழுவோணுமா?"

"நீங்க என்ன பண்ணுவீங்கண்ணா?"

"நான் வெளிய எடுத்துருவனுங்க. புதுப் பையன் அப்படியே தண்ணிய ஊத்திருவான்."

'இன் த டேங்க்' என்பது ஃபில்டரைச் சேர்ந்ததா, 'கிளீன்' என்ற வினையைச் சேர்ந்ததா என்று ஆங்கில வாக்கியம் வாய் திறக்கவில்லை. போதாக்குறைக்கு 'வித் வார்ம் வாட்டர்' தொட்டியோடும் ஒட்டும்: வெந்நீர் இருக்கிற தொட்டி. தமிழில் எழுதிப் பார்த்தால் தப்பிக்க வழியே இல்லை. தொட்டியில் உள்ள வடிகட்டியை வெந்நீரால் கழுவவும். தொட்டியில் வைத்தே வடிகட்டியை வெந்நீரால் கழுவவும். வெந்நீர் உள்ள தொட்டியில் போட்டு வடிகட்டியைக் கழுவவும். 'உள்ள'வா, 'வைத்தே'யா, 'போட்டு'வா என்று முடிவு செய்யாமல் வாக்கியத்தை முடிக்கவே முடியாது. அந்த வரியை இரண்டாக உடைத்தோம்: வடிகட்டியைத் தொட்டியிலிருந்து எடுக்கவும், வெந்நீரால் கழுவவும்.

அப்போதிருந்து எந்த வரைவு வந்தாலும் முதலில் வாய்க்குள் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். எங்கே நாக்கு தயங்குகிறதோ அங்கே பென்சில் வட்டம். 'ஒன்லி' வருகிற வாக்கியங்களில் இது நன்றாக வேலை செய்யும். 'ஒன்லி ஓப்பன் த வால்வ் வென் த மோட்டார் ஸ்டாப்ஸ்' என்றால், வால்வை மட்டும் திறப்பதா, மோட்டார் நின்றால் மட்டும் திறப்பதா? 'மட்டும்' யார் தோளிலாவது கை போட்டே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் 'ஒன்லி'யை 'வென்'னுக்குப் பக்கத்தில் நகர்த்தினால் தீர்ந்தது.

விதிகள் சொல்கிறபடி சின்னச் சொற்களை அடியோடு ஒழித்துவிட்டேனா என்றால், இல்லை. 'டர்ன் ஆன்', 'டர்ன் ஆஃப்' இரண்டையும் வைத்திருக்கிறேன். ஆப்பரேட்டர் வாயில் தினமும் புழங்கும் சொல்லை எடுத்துவிட்டு 'எனர்ஜைஸ்' என்று போட்டால் அவர் கையேட்டை மூடிவிட்டு எனக்கு ஃபோன் செய்வார்.