கட்டத்துக்குள் பிரேசில்: 'அ லின்யா குர்வா' பழகிப் பார்த்தது

அக்கா மகள் இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் பொதுத்தேர்வுக்கு நடனத்தையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். அதில் வரும் படைப்புகளில் ஒன்று இஸ்ரேலிய நடன அமைப்பாளர் இட்ஸிக் கலிலி அமைத்த 'அ லின்யா குர்வா'. முதலில் பிரேசிலில் சாவோ பாவ்லோவின் பாலே டா சிடாடே நடனக் குழுவுக்காகச் செய்தது, 2009-ல் பிரிட்டனின் ராம்பேர் குழு மேடையேற்றியது. அவளுக்குத் துணையாக வீடியோ பார்க்க உட்கார்ந்தேன், இப்போது அவள் அடுத்த பாடத்துக்குப் போன பிறகும் நான் மட்டும் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

28 பேர் ஆடுகிறார்கள், 23 நிமிடம். பின்னால் உயரத்தில் நான்கு பேர் நேரடியாகத் தாளம் வாசிக்கிறார்கள், இசை பெர்கோசா என்ற டச்சுக் குழுவினுடையது. பளிச்சென்ற நிறங்களில் அரைக்கால் சட்டை, தரையில் சதுரங்கப் பலகை மாதிரி வண்ண வெளிச்சம். பார்த்தவுடன் கார்னிவல் கும்மாளம் என்றுதான் தோன்றும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், கும்மாளம் காணாமல் போய் கணக்கு மட்டும் மிஞ்சும். ஒரு வரிசை தொடங்கி, அடுத்த வரிசை அதையே சற்றுத் தள்ளி எடுத்து, சட்டென்று எல்லோரும் ஒன்றாகும் இடம் வரும். எண்ணாமல் அங்கே போய்ச் சேரவே முடியாது.

சரி, ஆடித்தான் பார்ப்போமே என்று இதில் வரும் கபோயிராவில், அதாவது பிரேசிலின் நடனம் கலந்த சண்டைக் கலையில், அடிப்படை அசைவான ஜிங்காவில் தொடங்கினேன். இரண்டு காலும் தோள் அகலத்தில், முழங்கால் மடங்கி. வலது கால் பின்னே போகும்போது அதே வலது கை முகத்தை மறைக்க முன்னே வரும், அப்புறம் நடுவுக்கு வந்து இடது பக்கம். சொல்ல எளிது. தொடை மட்டும் மறுநாள் படியிறங்கவிடாது. தனியாகச் செய்தபோது வெறும் ஊசலாட்டமாக இருந்தது. அக்கா மகளை எதிரே நிற்கச் சொன்னதும் மாறிவிட்டது: அவள் எந்தப் பக்கம் வருவாள் என்று கண் தேடுகிறது, உடம்பு தானாகத் தாழ்கிறது. அது எதிராளியை ஏமாற்றத்தானே பிறந்தது. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வளர்த்த கலை, 1890 தண்டனைச் சட்டத்தில் குற்றமாகவே எழுதப்பட்டது. கலிலியின் மேடையில் அதன் துள்ளல் இருக்கிறது, அந்தக் கள்ளப் பார்வை இல்லை. ஆடுகிறவர்கள் அனுபவித்து ஆடவேண்டும் என்பதுதான் அவர் நோக்கம், அதனால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஆண்கள் கூட்டமாக வந்து பெண்கள் முன்னால் வீராப்புக் காட்டும் பகுதி எனக்கு ஒட்டவில்லை. பிரேசில் ஆண்கள் இப்படித்தான் என்று வெளியிலிருந்து வந்தவர் சொல்வதாகத்தான் படுகிறது.

இதில் வரும் இன்னொரு பிரேசில் ஆட்டமான சாம்பாவுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. இடுப்பை ஆட்ட வேண்டும் என்று எல்லோரும் நினைப்போம், அங்கே வேலையே இல்லை. ஒரு கால் பின்னே, மற்றது இருந்த இடத்திலேயே அழுத்தம், பின்னே போனது திரும்ப இடத்துக்கு, இப்படி எடை மூன்று தரம் மாறினால் இடுப்பு தானே அசைகிறது. பெரிய சுர்டோ முரசின் கனத்த அடி இரண்டாவது தட்டில் விழும். ஒன்றில் அழுத்திப் பழகிய காதுக்கு இது முதலில் வம்பாகவே இருக்கும். பாத்திரம் கழுவும்போதெல்லாம் இரண்டில் கனமாகத் தட்டித்தான் பிடித்தேன்.

அப்புறம் மேடையின் வெளிச்சக் கட்டங்கள் மாதிரி தரையில் டேப் ஒட்டிச் சதுரம் போட்டேன். இதுதான் எனக்குப் பெரிய பாடம். சதுரத்துக்குள் நின்றால் கால் சுருங்குகிறது, அந்த வேகம் முழுக்க மேலே ஏறித் தோளிலும் கையிலும் வெடிக்கிறது. மேடையில் அவர்கள் அவ்வளவு துடிப்பாகத் தெரிவதற்கு, இடமில்லாததும் ஒரு காரணம் என்று ஆடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அக்கா மகளும் அவள் தோழியும் பக்கத்துச் சதுரங்களில் நின்று, எட்டு எண்ணிக்கைக்கு ஒருவராக ஒரே அசைவை எடுத்துக்கொண்டோம். மூன்றே பேருக்கு வரவேற்பறை போதவில்லை, 28 பேர் எப்படித்தான் மோதாமல் ஆடுகிறார்களோ.

பாதி வேகத்தில் ஒரு நிமிடம் அளவுக்கு இப்போது வருகிறது. முழு வேகத்தில் ஜிங்காவிலிருந்து சாம்பாவுக்கு மாறும் இடத்தில் மூச்சு முட்டுகிறது. அடுத்து ஜோடியாக ஆடும் பகுதி. கீழ் வீட்டுக்காரர் ஊருக்குப் போகும் வாரத்தில் தொடங்கலாம் என்றிருக்கிறோம்.